சம்மனசின் தீவுக்குப் போன பஸ்

போன மாதம் நாமெல்லாம் கூடியிருந்தோமே, சாப்பாடு முடிந்ததும் ஒருவர் போனை நீட்டி எனக்கு ஒரு படம் காட்டினார். சேறும் கடலுமாகப் பரந்து கிடக்கும் வெளியின் நடுவே ஒரு பாறை. பாறை முழுக்க வீடுகள், அதற்கு மேல் ஒரு பெரிய மடாலயம், அதன் கூர்முனையில் வாளோடும் சிறகோடும் நிற்கும் தங்கநிறச் சம்மனசு. பிரான்சில் இருக்கும் மோன் சான் மிஷெல். இந்தக் கோடையில் பிள்ளைகளோடு போகப்போகிறாராம். காரே வேண்டாமாம், பாரிஸிலிருந்து ரயில், அப்புறம் ஒரு பஸ், அவ்வளவுதானாம்.

"நீ போயிருக்கியா?" என்று கேட்டார்.

போயிருக்கிறேன் என்றேன்.

"சூப்பரா இருக்கும்ல?"

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மெனோபாஸ் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் குமட்டுகிறது. ஏன் என்று இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. உங்களில் பாதிப் பேரை அந்த டேகேர் ஆன்ட்டிதான் வளர்த்தார் என்பதால் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஆன்ட்டியின் வீடு ஞாபகம் இருக்கிறதா? டெக்சஸ் பேர்லேண்டில் ஒரு வாடகை டூப்ளெக்ஸ். மண்நிறக் கார்ப்பெட், ஜன்னலில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் ஏசி, சுவரோரமாக வரிசையாக மடக்கு மெத்தைகள். உள்ளே நுழைந்தால் வெந்த சாதம், பேபி பவுடர், டயப்பர், பைன் மணமுள்ள தரை கழுவும் திரவம் எல்லாம் கலந்து ஒரு வாசனை. ஏழு வயதில் நான் இந்த ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை, அம்மாவுக்கு மெடிக்கல் சென்டரில் நர்ஸ் வேலை. பள்ளி பஸ் என்னை நேராக ஆன்ட்டி வீட்டு வாசலில் இறக்கிவிடும். அதிலிருந்து ஐந்து வருடம், மாலைகளில் எனக்கு அம்மா அவர்தான்.

அவருடைய கணவர் வேலை கிடைத்து கலிபோர்னியா போனவர், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கமாட்டார்கள். அவர் இல்லாத இடத்தில் வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவர் கழுவிவிட்டிருப்பார், எத்தனை மூக்கைச் சிந்திவிட்டிருப்பார், எண்ணிப் பாருங்கள். ஒரு தடவைகூட முகத்தைச் சுளித்ததில்லை. கையில் பீயோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் எனக்கு அந்த வயதிலேயே அருவருப்பாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வசந்தத்தில் ஆன்ட்டி வீட்டில் வேறொரு நாற்றமும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு பூசைக்குப் பிறகு பாரிஷ் ஹாலில் டோனட் தின்றபடி அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். "முன்ன மாதிரி இல்லப்பா. வீடே ஒரு மாதிரி ஸ்மெல் வருது. டயப்பர எங்க போடுறாங்கன்னே தெரியல." ஒருத்தி தன் பையனை நிறுத்திவிட்டு அமெரிக்க டேகேரில் சேர்த்தாள். அடுத்து இன்னொருத்தி.

அந்தக் கோடையில்தான் ஜெபக்குழு அங்கிள் பிரான்ஸ் யாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். நம் தமிழ் ஜெபக்குழுவின் தலைவர், கையில் எப்போதும் வீடியோ கேமரா வைத்திருப்பாரே, அவர்தான். லூர்து மாதாவைப் பார்ப்பது திட்டம். வருகிறேன் என்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது ஆறு பேர். அங்கிள், அவர் மனைவி, அப்பா, அம்மா, நான், டேகேர் ஆன்ட்டி.

ஆன்ட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தூத்துக்குடி பக்கம் அவர்களுடைய கோயில் மிக்கேல் சம்மனசு கோயில். "பிரதர், அங்கன மிக்கேல் சம்மனசுக்குன்னே கடலுக்குள்ள ஒரு மலை இருக்காம்லா. ஒரு நாள் அங்க போயிட்டு வருவமா? லூர்துக்குப் போகலன்னாக்கூட எனக்குப் பரவால்ல."

அங்கிள் பெருந்தன்மையோடு சம்மதித்தார். வீடியோவுக்கும் நன்றாக இருக்கும் என்றார்.

பாரிஸில் இறங்கியதும் வேன் வாடகைக்கு எடுக்கப் போனோம். அங்கே இருந்த வேன்கள் எல்லாம் கியர் போட்டு ஓட்டுகிறவை. நம் அப்பாக்கள் டெக்சஸில் வந்து டிரைவிங் கற்றவர்கள், ஆட்டோமேட்டிக் தவிர எதையும் தொட்டதில்லை. அப்பா அந்த வேனை இரண்டு முறை சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, "கார்ல போனா என்ன தெரியும்? பப்ளிக் ட்ரான்ஸ்போர்ட்ல போனாதான் ஊரப் பாக்க முடியும்" என்றார். அங்கிளும் உடனே, "கரெக்ட், யாத்திரைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார். கியர் போடத் தெரியாது என்று இரண்டு பேரில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா ஒரு நாள் முழுக்க ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து கால அட்டவணை தயாரித்தார். ஹோட்டல் தாளில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டமாக. காலையில் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் அதிவேக ரயில், ரென் என்ற ஊரில் இறக்கம், அங்கிருந்து பஸ். மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ். அதுதான் கடைசி. அதைச் சிவப்பு மையால் இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

ரயில் வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அங்கிளின் மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்ததும் எதிரில் இருந்த வெள்ளைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். "நம்ம சாப்பாடு வாசனை இவங்களுக்கு என்ன தெரியும்" என்று எல்லோரும் சிரித்தோம். ஆன்ட்டி எங்களோடு உட்காரவில்லை. கதவுப் பக்கம், கழிப்பறைக்கு அருகில் இருந்த மடக்கு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரத்தில் நாலைந்து முறை உள்ளே போய்வந்தார்.

பஸ்ஸில்தான் எல்லாம். ஜூலை வெயில், திறக்க முடியாத கண்ணாடிகள், நனைந்து காய்ந்த கம்பளி போல நாறும் சீட்டுத் துணி. பஸ் நிறைந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் ஆன்ட்டிக்கு இடம் கிடைத்தது. அவர் உட்கார்ந்ததும் அந்த நாற்றம் எழுந்தது. மீன் கழுவிய தண்ணீரை மூடிவைத்து மூன்றாம் நாள் திறந்தது போல. நான் வாயால் மூச்சுவிட்டேன். வாய்க்குள்ளேயும் அது வந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்கார்ஃபை மூக்கில் வைத்துக்கொண்டாள். அங்கிளின் மனைவி ஜெபமாலையைப் பாதியில் நிறுத்தினார்.

அம்மா திரும்பி ஆன்ட்டியை ஒரு முறை பார்த்தாள். நீண்ட பார்வை. பிறகு கைப்பையிலிருந்து விமானத்தில் வாங்கிய சென்ட் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "அக்கா, வெயில் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் போட்டுக்கோங்க."

ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கி, கழுத்திலும் புடவையிலும் அடித்துக்கொண்டார். நிறையவே அடித்துக்கொண்டார். ரோஜாவும் அழுகலும் சேர்ந்து ஒன்றாக என் தொண்டைக்குள் இறங்கின. வளைவில் பஸ் திரும்பியது. என் மடியிலும் தரையிலும் ஆன்ட்டியின் புடவையிலும் வாந்தி எடுத்தேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. ஆன்ட்டிதான் குனிந்தார். வெறுங்கையால் என் தாடையைத் துடைத்தார், தன் ஷாலை உருவித் தரையைத் துடைத்தார். "ஒண்ணுமில்லளா, ஒண்ணுமில்ல. வந்தது வரட்டும். வயிறு லேசாயிரும்." அந்தக் கை என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"டோன்ட் டச் மீ!" என்று கத்தினேன். "யூ ஸ்மெல்! யூ ஸ்மெல் லைக் சம்திங் டெட்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அம்மா என்னை அதட்டவில்லை. அதட்டினால் ஆன்ட்டிக்கு அவமானமாகிவிடும் என்று விட்டுவிட்டாள் என அன்று நினைத்துக்கொண்டேன். அங்கிள்தான் பேசினார், போதிக்கிற குரலில். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ட்ராவல் பண்றப்ப கொஞ்சம் ஹைஜீன் பாத்துக்கணும்."

"சரி பிரதர்" என்றார் ஆன்ட்டி. தரையைத் துடைத்து முடித்துவிட்டு, மிச்ச தூரத்தை டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். நான் அந்தச் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

அப்போதெல்லாம் பஸ் பாறையின் அடிவாரம் வரைக்கும் போகும். இறங்கியதும் சேற்று நாற்றம். கடல் வெகுதூரம் விலகிப் போயிருந்தது. சாம்பல்நிறச் சகதி கண்ணுக்கெட்டிய மட்டும் பளபளத்தது. எங்களிடம் சாப்பாட்டுப் பைகள், ஜாக்கெட்டுகள், ஜெபமாலைகளும் சொரூபங்களும் வாங்கிப் போடுவதற்காக அங்கிள் கொண்டுவந்திருந்த காலி சூட்கேஸ் ஒன்று. இவற்றோடு நூற்றுக்கணக்கான படி ஏற முடியாது.

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். "சிஸ்டர், உங்களுக்கும் டயர்டா இருக்கும். நீங்க கீழயே இருந்து லக்கேஜ் பாத்துக்கோங்க. நாங்க மேல போயி உங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டு வர்றோம். வீடியோல காமிக்கிறேன்."

அங்கே வர வேண்டும் என்று கேட்டது ஆன்ட்டி மட்டும்தான். அது எல்லோருக்கும் தெரியும். ஆன்ட்டி தலையாட்டிவிட்டு, கோட்டை வாசலுக்கு வெளியே கல்மேடையில் பைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தார்.

மேலே போகும் தெரு பள்ளிக்கூட காரிடார் அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கடைகள். பிளாஸ்டிக் வாள்கள், சம்மனசு படம் போட்ட சாம்பல் கிண்ணங்கள், சாவிக் கொத்துகள். கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. முன்னால் போகிறவரின் வியர்த்த முதுகு என் மூக்கில் உரசியது. ஒரு ஹோட்டல் வாசலில் நீளப் பிடி போட்ட வாணலிகளில் முட்டையை நுரைக்க நுரைக்க அடித்து நெருப்பில் காட்டினார்கள். வெந்தும் வேகாத அந்த மஞ்சள் நுரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். அங்கிள் எங்களை நிறுத்தி நிறுத்தி வீடியோ எடுத்தார். "ஸ்மைல் பண்ணும்மா. பிரெய்ஸ் தி லார்ட் சொல்லு."

மடாலயப் படிக்கட்டில் எனக்குக் கண் இருட்டியது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்ல. நேரா கீழ போ, ஒரே ரோடுதான். ஆன்ட்டிகூட உக்காந்துக்கோ."

தனியாக இறங்கினேன். கல்மேடையில் பைகள் இருந்தன, ஆன்ட்டி இல்லை. பக்கத்தில் பொதுக் கழிப்பறை. முகம் கழுவலாம் என்று உள்ளே போனேன்.

ஆன்ட்டி கடைசிக் கைகழுவும் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். தொட்டியில் ஒரு துணியை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. தரையிலும் சொட்டுகள். அவருக்குப் பக்கத்தில் நீல ஏப்ரன் போட்ட பருத்த பிரெஞ்சுக் கிழவி, அந்தக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறவள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தன் பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு தரையைத் துடைப்பானால் துடைத்தாள். மூக்கை மூடவில்லை. ஏதோ பேசிக்கொண்டே ஆன்ட்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஆன்ட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். "ஏளா, நீயா? உள்ள வராத, வழுக்கும்."

"ஆன்ட்டி, பிளட்."

"பொம்பளைகளுக்கு வாரதுதான். பெரியவளானா தெரியும்." துணியைப் பிழிந்தார். "பொங்கலுக்கு முன்ன புடிச்சே இருக்கு. சம்மனசுக்கு நேர்ந்துகிட்டேன், ஒரு தடவ மேல ஏறிக் கும்புட்டா நின்னுரும். அம்மாட்ட சொல்லிராத, என்ன? பாவம், லீவு போட்டு வந்திருக்கா. அவ ட்ரிப்ப நான் கெடுக்கப்படாது."

வெளியே வந்ததும் கேட்டார். "நீ இந்தப் பையெல்லாம் பாத்துக்கிடுதியா? அஞ்சு மணிக்கு முன்ன ஓடி வந்துருதேன்."

சரி என்றேன். இரக்கத்தால் அல்ல. அவர் போனால் அந்த நாற்றமும் போகும். நீலப் புடவையும் வெள்ளை ஸ்னீக்கர்ஸுமாக அவர் கூட்டத்துக்குள் நுழைந்து போனார். நடையில் ஒரு பக்கம் சாய்வு இருந்தது.

நாலே முக்காலுக்கு மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். சூட்கேஸ் நிறைந்தது. பஸ் வந்து நின்றது.

"ஆன்ட்டி எங்கடி?" என்றாள் அம்மா.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

மேலே போயிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டது ரத்தத்தைப் பற்றித்தான், இதைப் பற்றி அல்ல. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்றரை மணி நேரம் மறுபடி அந்த நாற்றத்தோடு உட்கார்ந்து போக முடியாது என்பதுதான் என் மனதில் இருந்தது.

அப்பா கோட்டை வாசல் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ட்ரெயின் ரிசர்வேஷன் போயிடும் பிரதர்" என்றார் அங்கிள். "அவங்க என்ன சின்னப் பிள்ளையா? அடுத்த பஸ்ல வந்துருவாங்க."

அடுத்த பஸ் கிடையாது. அப்பாவின் தாளில் அது சிவப்பு மையில் இருந்தது. தாள் அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார், பஸ்ஸில் ஏறினார்.

நானும் அம்மாவும் கடைசிச் சீட்டில். அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் வளைந்து திரும்பும்போது கோட்டை வாசலில் நீலப் புடவையைப் பார்த்தேன். ஆன்ட்டி ஓடி வந்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கியபடி. கத்தவில்லை, கை மட்டும் காற்றில் ஆடியது. பஸ் இன்னும் வேகம் எடுக்கவில்லை. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருக்கும்.

நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பஸ்ஸில் காற்று நன்றாக இருந்தது.

ஹோட்டலில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "சிஸ்டரோட விசுவாசம் அவங்கள காப்பாத்தும்" என்று சொல்லிவிட்டு அங்கிள் இரண்டாவது முறை ரொட்டி கேட்டு வாங்கினார். விடிந்ததும் அப்பா ஸ்டேஷனுக்குப் போய், வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் பிளாட்பாரத்தின் முனையில் நின்றார். அவர் அங்கே நிற்க, ஆன்ட்டி வேறொரு வாசல் வழியாக வெளியேறி, மெட்ரோ பிடித்து, ஒரு தடவை மாறி, மதியம் தானாகவே ஹோட்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டார். கையில் ஒரு சீட்டு. அந்தக் கழிப்பறைக் கிழவி தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். சூப் கொடுத்து, வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்லி, புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். காலையில் ரயிலேற்றிவிட்டு, போகவேண்டிய இடங்களையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"பாஷை தெரியாம எப்படிக்கா வந்தீங்க?" என்றாள் அம்மா.

"சீட்டக் காட்டினேன். ஒவ்வொருத்தரும் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி ஏத்திவிட்டாவ."

யார் மீதும் ஒரு குறையும் சொல்லவில்லை. மேலே ஏறினாரா என்று அப்பா கேட்டதற்கு, "உச்சி வரைக்கும் ஏறினேன்" என்றார். என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். லூர்துக்கு அவர் வரவில்லை, இந்த ஒன்று போதும் என்று ஹோட்டலிலேயே இருந்துகொண்டார்.

ரத்தம் நிற்கவில்லை. ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது ஆன்ட்டி வீட்டில் மூன்று குழந்தைகள்தான் மிச்சம். செப்டம்பரில் வாஷிங் மெஷின் முன்னால் விழுந்து கிடந்தார். ஒரு குழந்தையின் அம்மா கூட்டிப்போக வந்தபோதுதான் பார்த்தாள். கர்ப்பப்பை வாயில் புற்று, வெகுதூரம் போய்விட்டது என்றார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் போகும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜெபக்குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு பெரிய கார்டு அனுப்பினோம். ஒரு சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது என்று சொல்லி, பார்க்கிங்கில் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, வாக்மேனில் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வசந்தத்தில் சக்கர நாற்காலியில் வைத்து அவரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு சாவுச் செய்தி வந்தது. பாரிஷ் ஹாலில் ஒரு பூசை வைத்தோம். வீடியோவை அங்கிள்தான் எடுத்தார்.

இவ்வளவையும் இன்று சொல்லக் காரணம், இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒன்று. எனக்கும் ஒரு கர்ப்பப்பை டெஸ்டில் ஏதோ சந்தேகம் வந்து, அப்புறம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. ரிப்போர்ட் வந்த அன்று அம்மா என் வீட்டில் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவையும் புதைத்துவிட்டு, ஒரு வாரம் தங்கப் போவதாக வந்திருந்தாள். கிச்சனில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலைநிமிராமல் சொன்னாள்.

"அந்த பஸ்ல வச்சே எனக்குத் தெரியும்."

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.

"பத்து வருஷம் கேன்சர் வார்டுல இருந்தவ நான். அந்த ஸ்மெல் எனக்குத் தெரியாதா? அவ வந்து உக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி, ஸ்பிரிங்லயே அவ வீட்டுக்குள்ள போனப்பவே ஒரு டவுட்."

"தெரிஞ்சுமா சென்ட் குடுத்தீங்க?"

கத்தி நின்றது. "என்ன பண்ணச் சொல்ற? நான் வாயத் திறந்தா ட்ரிப் அங்கயே க்ளோஸ். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, புருஷன் கிடையாது. யார் தலைல விழும்? நம்ம தலைல. அப்ப நமக்கு க்ரீன் கார்டுகூட வரல. டாக்டர்கிட்ட போங்கன்னு திரும்பி வந்ததும் ஒரு வார்த்த சொன்னேன். அப்புறம் கேட்டுக்கல."

எனக்கு வாயில் உப்பு நீர் ஊறியது. அந்தப் பஸ்ஸில் ஊறிய அதே நீர். இந்தப் பெண் என் அம்மா, இவள் வயிற்றில்தான் நான் இருந்தேன் என்று நினைத்தபோது குமட்டல் கூடியது. திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது என்றும் இருந்தது. முதல் முறையாக அதைச் சொன்னேன்.

"அம்மா, பஸ் திரும்பறப்ப அவங்க ஓடி வந்தாங்க. கையத் தூக்கிட்டு. நான் பாத்தேன். பாத்துட்டு சொல்லல."

அம்மா பீன்ஸைக் கையால் ஒதுக்கிவைத்தாள். அதிர்ச்சி அடைவாள் என்று காத்திருந்தேன். நீ குழந்தை, உனக்கென்ன தெரியும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"தெரியும்டி" என்றாள். "நானும் பாத்தேன். உன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."